துரைக்குப் பங்கில்லாத பானை

தை பிறப்பதற்கு முன்பே மலேசியாவின் ஈப்போவில் ஒரு பேச்சு பிறந்துவிடுகிறது. பொங்கல் நெல் விளைத்தவனின் விழா. அறுவடை முடித்த உழவன் கதிரவனுக்கு நன்றி சொல்லும் நாள். நமக்கு ஏது வயல், ஏது அறுவடை? பாட்டனும் பூட்டனும் இந்தப் பேராக் மாநிலத்தில் வெட்டியது பால் மரம், அதாவது ரப்பர். அந்தக் கித்தாவும் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்தையே விட்டு வெளியேறித் தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியாயிற்று. கடையில் வாங்கிய அரிசியைக் கேஸ் அடுப்பில் வேகவைத்துப் ‘பொங்கலோ பொங்கல்’ என்று குரல் கொடுப்பதில் என்ன பொருள் என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியிலிருந்து இரண்டு தரப்பார் இரண்டு முடிவுக்கு வருகிறார்கள். படித்த இளைஞர் சிலர், இது வெறும் ஊர் ஏக்கம், விட்டுவிடலாம் என்கிறார்கள். சங்கம் நடத்துகிறவர்களோ, வீட்டுக்கு வீடு வைப்பதில் அர்த்தமில்லை, ஒரு திடலில் வரிசையாகப் பானை வைத்து ஒற்றுமைப் பொங்கலாகக் கொண்டாடினால் பண்பாடாவது மிஞ்சும் என்கிறார்கள். முடிவு வேறானாலும் வேர் ஒன்றுதான்: வயல் இல்லாத வீட்டு வாசலில் பொங்கல் பானைக்கு வேலையில்லை என்ற எண்ணம். அந்த வேரே சொத்தை என்பதுதான் என் கட்சி.

முதலில் நெல்லை விளைத்தவன் யார் என்று பார்ப்போம். வயல் இருந்தவனுக்கே பொங்கல் என்று சொல்கிறவர்கள், தங்களை அறியாமலேயே நிலக்காரனின் பொங்கலை மட்டும் பொங்கல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். காவிரிக் கரையில் சேற்றில் இறங்கி நட்டதும் அறுத்ததும் பெரும்பாலும் ஒரு குழி நிலம்கூட இல்லாத பண்ணையாட்கள். களத்தில் குவிந்த நெல் அவர்கள் நெல் இல்லை. கூலியாக அளந்து போட்டதுதான் அவர்கள் நெல். அப்படியும் சேரியில் பானை பொங்கத்தான் செய்தது. மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்களில் கணிசமானோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆர்க்காட்டு மாவட்டங்களின் இந்த நிலமற்ற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். வயலை விட்டுவிட்டு வந்ததால் விழாவின் உரிமையை இழந்தார்கள் என்றால், அவர்களுக்கு விடுவதற்கு எந்த வயல் இருந்தது? சொந்த விளைச்சல்தான் பொங்கலுக்குத் தகுதி என்று வைத்தால், தஞ்சாவூரிலேயே பெருந்தொகையானோருக்குத் தகுதியில்லை என்று ஆகும். அதைச் சொல்லத் துணிகிற ஒருவரையும் நான் கண்டதில்லை. பேராக்கிலுள்ள பேரப்பிள்ளைகளிடம் மட்டும் இந்தக் கணக்கைக் கேட்பானேன்?

இன்னொன்றும் உண்டு. தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாளின் பொங்கல் அவன் வாசலோடு முடிந்ததில்லை. மிராசுதார் வீட்டு முன்னால் போய் நின்று வேட்டியோ நெல்லோ வாங்கி வருவதும் அதில் அடங்கியிருந்தது. நன்றியில் ஒரு பங்கு நிலக்காரனுக்குப் போனது. கப்பல் ஏறியதில் எத்தனையோ அறுந்துபோயின. அவற்றில் அறுந்ததே நல்லதாய்ப் போனது இந்தக் கயிறு. தோட்டத்துக் கங்காணி மிராசுதாரை விட இளகியவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் மூன்று கல்லைக் கூட்டி வைத்த பானையின் முன்னால் வணங்கப்பட்டது கதிரவன். அடுத்த நாள் மாடு. கங்காணிக்கும் கணக்கெழுதும் கிராணிக்கும் தோட்ட நிர்வாகியான துரைக்கும் அந்தப் பானையில் பங்கு வைக்கும் முறை கிடையாது. ஊர்ப் பொங்கலின் தேய்ந்த நகல்தான் தோட்டத்துப் பொங்கல் என்ற எண்ணத்தை இந்த ஒரு வித்தியாசமே தலைகீழாக்குகிறது. அடிமைக் கயிறு கழன்ற பொங்கல் இங்கேதான் முதலில் வைக்கப்பட்டது என்றுகூட வாதிடலாம்.

சரி, பால் வெட்டுகிறவனுக்கும் கதிரவனுக்கும் என்ன சம்பந்தம்? 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ ரப்பர்க் கன்றுகளை நட்டார். பின்னர் தோட்டங்கள் பெருகியபோது, பல தலைமுறைகளாக இந்த மாநிலத்துத் தமிழர் வயிறு அந்த மரத்தை நம்பி இருந்தது. அந்த மரத்திடம் வேலை வாங்க வானம் வெளுத்திருக்க வேண்டும். பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்கோட்டில் இறங்க வேண்டிய பால் கோட்டை விட்டு மரமெல்லாம் வழிந்துவிடும். பால் பிடிக்கும் மங்கில் விழுந்ததும் மழைத் தண்ணீரோடு கலந்து கெட்டுப்போகும். ஈரத்தில் வெட்டினால் பட்டைக்கு நோயும் வரும். அதனால் விடியலில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்கு வேலையில்லை, வேலையில்லையென்றால் கூலியில்லை. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் ஆண்டுக்கணக்காக மாதச் சம்பளம் கேட்டு மல்லுக்கு நின்றதற்குப் பெரிய காரணம் இந்த மழைநாள் பட்டினிதான். உழவன் மழைக்கு ஏங்கினான், பால் வெட்டுகிறவனோ மழையைக் கண்டு பயந்தான். அப்படியானால் இவன் பொங்கல் தலைகீழ்ப் பொங்கல் அல்லவா என்று கேட்கலாம். வெயில் ஏறினாலும் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் இருட்டோடு, காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போய் நிரையில் நிற்கிறான், வெயிலும் அவனுக்குப் பகைதானே என்றும் கேட்கலாம். இரண்டும் சரியான கேள்விகள். அவற்றுக்கு விடை, வெயிலையும் மழையையும் நாள் நாளாக எண்ணிக் கூலியாக மாற்றிப் பார்த்தவன் அவன் என்பதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஈப்போ வட்டாரத்தில் கொட்டும் மழை தையில் தணிகிறபோது, கடைக்காரரிடம் ஏறிய கடன் இறங்கத் தொடங்குகிறது. வெளுத்த வானத்தைப் பார்த்துக் கும்பிட அவனுக்கு வயலின் சாட்சி வேண்டியதில்லை.

இனி அரிசி. கடை அரிசியில் வைத்த பொங்கல் போலி என்று சொல்கிறார்கள். பேராக் தமிழன் கடை அரிசி தவிர வேறு அரிசியில் பொங்கல் வைத்தது எப்போது? போருக்கு முந்திய மலாயா தன் அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்து வாங்கியது. பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. ஐராவதிக் கழிமுகத்து உழவன் நட்டதுதான் சுங்கை சிப்புட் லயத்தில் பொங்கியது. 1942இல் மலாயாவும் பர்மாவும் ஜப்பானியர் கைக்குப் போய், அரிசிக் கப்பல் நின்றபோது, யார் போட்ட சோற்றை இத்தனை காலம் தின்றோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மரவள்ளிக்கிழங்குதான் அந்த மூன்றரை ஆண்டின் சோறு. பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில் பாதைக்கு வாரிக்கொண்டு போகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். போர் முடிந்து மூன்றாண்டு ஆகவில்லை, 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் தோட்டத் துரைகள் சுடப்பட்டு அவசரகாலம் வந்தது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக் கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு, வேலி, சோதனை. அவசரகாலத்தின் பிற்பகுதியில், உணவு மறுப்பு நடவடிக்கை நடந்த இடங்களில், வீட்டில் சமைக்காத அரிசி வைத்திருப்பதையே தடுத்து, பொதுச் சமையற்கூடத்தில் வேகவைத்த சோற்றையே மக்களுக்கு அளந்தார்கள். வெந்த சோறு கெட்டுவிடும், காட்டுக்குள் கடத்தினாலும் உதவாது என்பது அரசின் கணக்கு. தன் வீட்டு வாசலில், தன் பானையில், ஒரு பிடி அரிசியைத் தன் கையால் இடுவது என்பதே ஒரு காலத்தில் இந்த மண்ணில் அனுமதி வேண்டிய காரியமாக இருந்தது. இந்த வரலாறு உள்ளவர்களைப் பார்த்து ‘உனக்கும் அரிசிக்கும் என்ன உறவு’ என்று கேட்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

அது பழங்கதை என்பவர்கள் 2023ஐ நினைத்துப் பார்க்கட்டும். அந்த ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி வெள்ளை அரிசி ஒரு டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறியது, கிலோ 2.60 ரிங்கிட் என்று விலை கட்டிய உள்ளூர் அரிசி கடைத் தட்டுகளிலிருந்து காணாமல் போனது. உள்ளூர் அரிசி என்றதும் எங்கோ கெடாவில் விளைவது என்று நினைத்துக்கொள்கிறோம். பேராக்கிலேயே கிரியான் வட்டாரம் இருக்கிறது. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தை நம்பிய அந்தப் பாசனத் திட்டம் 1906இல் முடிந்தது. பாகான் செராய், பாரிட் புந்தார் பக்கம் அந்த வயல்களில் உழைப்பவர்கள் பெரும்பாலும் மலாய், பஞ்சார் விவசாயிகள். பொங்கல் பானையின் நன்றி நியாயமாக அவர்களையும் போய்ச் சேர வேண்டும். 2020 ஜனவரியில் பள்ளிகளில் பொங்கல் வைப்பது பற்றிக் கல்வி அமைச்சின் கடிதம் ஒன்று கிளப்பிய சர்ச்சையில், இது சமய விழாவா பண்பாட்டு விழாவா என்று இரு பக்கமும் தொண்டை வறளப் பேசினார்கள். பானைக்குள் இருக்கும் அரிசி யார் விளைத்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. தேவாலயத்திலும் பொங்கல் வைக்கும் கத்தோலிக்கத் தமிழர்கள் இதே நாட்டில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

வயல் இல்லாதவன் அறுவடை விழா கொண்டாடக் கூடாது என்ற விதி வேறு யாருக்கும் இல்லை. சபாவில் மே 30, 31இல் காமத்தான், சரவாக்கில் ஜூன் 1, 2இல் காவாய்; இரண்டும் அரசு விடுமுறை. கோத்தா கினபாலுவில் வங்கியில் வேலை பார்க்கும் கடசான் பெண்ணிடம் ‘உன் வயல் எங்கே’ என்று யாரும் கேட்பதில்லை. உலகமே அறிந்த நன்றிகூறும் விருந்து அமெரிக்கர்களுடையது. நவம்பரின் நான்காம் வியாழனன்று வான்கோழி சுடுகிறவர்களில் ஏர் பிடித்தவர் மிகச் சிலர். அந்த விருந்தை நாடு முழுவதற்கும் ஒரே நாளாக லிங்கன் அறிவித்தது 1863இல், உள்நாட்டுப் போரின் நடுவில்; விளைச்சலைவிடப் பிளந்த நாட்டை ஒட்டவைக்கும் கவலைதான் அப்போது பெரிது. ஆனால் அதே விருந்து எனக்கு எதிராகவும் சாட்சி சொல்லக்கூடியது. 1970 முதல் அந்த நாளில் பிளிமத்தில் பூர்வகுடி மக்கள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள். நன்றி என்ற பேரில் நிலப்பறிப்பு மூடி மறைக்கப்படுகிறது என்பது அவர்கள் வழக்கு. அந்த வழக்கில் நியாயம் இருக்கிறது.

இங்கேதான் மிகக் கனமான மறுப்பு வருகிறது. தோட்டம் என்பது சுரண்டல். தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோதும் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும் லயத்தைக் காலி செய்துகொண்டு வெறுங்கையோடு வெளியேறினார்கள். அவர்கள் எதற்கு, யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? நன்றியுணர்ச்சியே ஏழையை அடக்கி வைக்கும் கருவிதானே? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பல தோட்டங்களில் துரைக்கு மாலை போட்டு முதல் மரியாதை செய்வது வழக்கமாக இருந்தது. கோயிலுக்கு நிர்வாகம் உதவுவதிலும் ஒரு கணக்கு இருந்தது. அங்கே நன்றி மேல்நோக்கிப் போயிற்று. பொங்கலோ லயத்து வாசலில் வைக்கப்பட்டது. அங்கே துரை தலைமை தாங்க இடமில்லை, ஏனென்றால் தலைமையே இல்லை. கூலி கொடுப்பவனை விட்டுவிட்டு, கூலிக்கு மூலமான வெயிலையும் பாலுக்கு மூலமான மாட்டையும் கும்பிடுகிறவன், தன் சோறு எங்கிருந்து வருகிறது என்பதைத் துரையைவிடச் சரியாகவே கணித்திருக்கிறான். இதை அடங்கிப்போகிறவனின் நன்றி என்று என்னால் வாசிக்க முடியவில்லை.

இதனால்தான் திடல் பொங்கலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. அக்கம்பக்கத்தார் கூடிப் பானை வைப்பதில் குற்றமில்லை. ஈப்போவின் புந்தோங்கில் ஒரு சந்து முழுவதும் சேர்ந்து வைத்தால் நல்லதுதான். நான் சொல்வது பந்தல், மேடை, ஒலிபெருக்கி, பானை அலங்காரப் போட்டி, நடுவர்கள், முதல் பரிசு என்று வளர்ந்துவிட்ட நிகழ்ச்சியை. சிறப்பு விருந்தினர் வர வேண்டும் என்று பால் பொங்குவதையே தள்ளிப்போடுகிறார்கள். அவர் வந்ததும் மாலை, பொன்னாடை, படம். துரைக்குப் போட்ட மாலை அவரோடு போயிற்று என்று நினைத்திருந்தோம். யாரோ அதைக் கழுவி எடுத்து வைத்திருந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பண்பாட்டைக் காட்ட வேறு வழியில்லையே என்பது அமைப்பாளர்களின் பதில். அந்தப் பிள்ளைகள் அங்கே பார்ப்பது என்ன? அரிசி களைவதையா, வெல்லம் தட்டுவதையா? வரிசையாக அலங்கரித்த பானைகளையும் நீண்ட உரையையும் பார்க்கிறார்கள். கடைசியில் அட்டைப் பெட்டியில் வெளிச் சமையல்காரர் அனுப்பிய பொங்கல் வருகிறது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

சமைப்பதில்தான் விஷயம் இருக்கிறது என்பதால் சமையலையே பார்ப்போம். புது மண்பானையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போடாவிட்டால் தீ பட்டதும் விரிசல் விடும். அரிசி களைந்த முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டாம் தண்ணீரைப் பாலோடு சேர்த்துப் பானையின் கழுத்துவரை ஊற்றுவது பழைய முறை. அதில் அறிவு இருக்கிறது: கழுவிய நீரிலுள்ள மாவும் பாலின் புரதமும் சேர்ந்து நுரையை உடையவிடாமல் தாங்கும், பால் குறைவாக இருந்தாலும் பானை பொங்கிவிடும். மாடில்லாத வீடும் பொங்க வைக்க வழி கண்டுபிடித்த ஏழையின் தந்திரம் அது. கால் கிலோ அரிசிக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு போதும். இரண்டும் குழைந்த பிறகே வெல்லம் இறங்க வேண்டும். முந்திக்கொண்டு போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும், பாலும் திரியலாம். இங்கே விற்கும் சாதாரண வெள்ளை அரிசி பச்சரிசிதான், சீக்கிரம் குழைந்துவிடும்; தண்ணீரைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். வெல்லம் கிடைக்காவிட்டால் கூலா மலாக்கா போடலாம், நிறமும் வாசமும் வேறாக இருக்கும், சுவை கெடாது. கூட்டுக்கு ஊரில் மொச்சையும் கருணையும். இங்கே பூசணி, சக்கரவள்ளி, வாழைக்காய், முருங்கை, அதோடு மரவள்ளி. போர்க்காலத்தில் உயிர் காத்த அந்தக் கிழங்குக்குப் பொங்கல் கூட்டில் நிரந்தர இடம் கொடுப்பது நியாயம் என்பேன். மறுநடவுக்காக வெட்டிய கித்தா மரத்தின் விறகு ஒரு காலத்தில் தோட்டத்து அடுப்பை எரித்தது. இன்று அது மேசை நாற்காலியாகிக் கப்பல் ஏறுகிறது. கேஸ் அடுப்பில் வைத்தால் தீயைச் சிறிதாகத் தொடங்கி மெல்ல ஏற்றினால் மண்பானை தாங்கும். பயமாக இருந்தால் பித்தளை, எவர்சில்வர் எதுவானாலும் பொங்கும். பொங்கும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குப் பின்னால் இருப்பது முந்திய நாளின் யோசனையும் வாங்கலும் ஊறவைத்தலும். நன்றி அந்த வேலையில் இருக்கிறது. வேறொருவரிடம் கூலிக்கு விட்டால் கிடைப்பது இனிப்புச் சோறுதான்.

கடைசியாக நேரம் இல்லை என்ற பேச்சு. உண்மைதான், பேராக்கில் தைப்பூசத்துக்கு விடுமுறை உண்டு, பொங்கலுக்கு இல்லை. ஜனவரி 14ஓ 15ஓ வேலை நாளில் விழுந்தால், நல்ல நேரம் என்று நாளிதழ் போடுவது பெரும்பாலும் பள்ளிக்கும் பணிக்கும் போகும் நேரமாக இருக்கும். ஆனால் பால் வெட்டியவர்களுக்கும் அன்று தானாக விடுமுறை கிடைக்கவில்லை. மங்கும் வாளியும் யாருக்காகவும் காத்திருந்ததில்லை. விடுமுறை கேட்டுப் போராடுவது வேறு வேலை, அதையும் செய்ய வேண்டும். அதுவரை விடியும் முன் அடுப்பை மூட்டலாம், முடியாதவர்கள் மாலையில் வைக்கலாம். கதிரவன் ஆறரை மணிக்கும் வானத்தில்தான் இருக்கிறான், ஈப்போவில் அவன் மறைய ஏழு மணியைத் தாண்டும். நாள் தவறியவர்களுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கலும் அதற்கடுத்துக் கன்னிப் பொங்கலும் இருக்கின்றன. அடுக்குமாடி நடைபாதையில் தீ மூட்டக் கூடாது என்று நிர்வாகக் குழு சொன்னால், கிழக்குச் சன்னலைத் திறந்துவிட்டுச் சமையலறையிலேயே வைக்கலாம். பானையின் கழுத்துவரை பாலை நிரப்பிவிட்டு, துடைக்க ஒரு பழந்துணியைத் தீ படாத தூரத்தில் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கேஸ் அடுப்பில் வழிந்த பாலைத் துடைப்பது லேசான வேலையில்லை.